வாதரக்தம்: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 54 வயது. கல்யாண விருந்து சாப்பிட்டு வந்த ராத்திரி 2 மணிக்குக் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்துவிட்டது. போர்வை நுனி பட்டாலே துடிக்கிறார். "வாயுதான்" என்று பாட்டி சூடாக எண்ணெய் தேய்க்கிறார். சரியா?

பதில்: முதலில் சூட்டை நிறுத்துங்கள். காய்ச்சலும் இருந்தால் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் தெரியும்.

பாட்டி சொன்னது பாதி சரி. மீதிப் பாதி ரத்தம். அதனால்தான் இதற்கு வாதரக்தம் என்று பேர். சரகர் பேரில் வழங்கும் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், சிகிச்சா ஸ்தானம் என்ற சிகிச்சைப் பகுதியின் 29-ஆம் அத்தியாயம் இதற்கென்றே இருக்கிறது. உப்பு, புளிப்பு, காரம், மது, நீர்வாழ் பிராணிகளின் மாமிசம், முன்பு தின்றது செரிக்குமுன் மறுபடி சாப்பிடுவது, கோபம், பகல் தூக்கம் எல்லாம் ரத்தத்தைக் கெடுக்கும். கண்விழிப்பும், குதிரை, ஒட்டகத்தில் ஓயாத சவாரியும் வாயுவைக் கிளப்பும். கிளம்பிய வாயுவின் வழியைக் கெட்ட ரத்தம் அடைக்கிறது; அடைபட்ட வாயு அந்த ரத்தத்தையே இன்னும் கெடுக்கிறது. சிவப்பும் எரிச்சலும் மிஞ்சியிருக்கும்போது சூடான பற்றுப் போட்டால் எரிச்சல் கூடித் தோல் வெடிக்கும் என்று அதே அத்தியாயம் எச்சரிக்கிறது.

இனிப்பும் சுகபோஜனமும் உண்டு, நடக்காமல் இருப்பவர்களுக்கே இது பெரும்பாலும் வரும் என்றும் சரகர் சொல்கிறார். ஆட்யவாதம், அதாவது செல்வர்களின் வாதம் என்று இன்னொரு பேரும் உண்டு. இன்று குதிரை இல்லை. காலைத் தொங்கப்போட்டு நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நான் அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

கேள்வி: ஏன் விரல் மூட்டில் ஆரம்பிக்கிறது?

பதில்: ஓடும் ரத்தமும் வாயுவும் கணுக்களின் வளைவில் மோதித் தங்கிவிடுகின்றன என்பது சரகர் விளக்கம். யூரிக் அமிலம் உடலின் குளிர்ந்த ஓரங்களில் எளிதில் படிகமாகிறது என்கிறது இன்றைய மருத்துவம். ஆனால் வாதரக்தம் அகலமான சொல். இந்த யூரிக் அமிலப் படிகத்தால் வரும் மூட்டு வீக்கமான கவுட் (gout) அதில் அடங்கும். வாதரக்தம் எல்லாமே கவுட் ஆகாது.

கேள்வி: இட்லி, தயிரை விட்டுவிடணுமா?

பதில்: உளுந்து, கொள்ளு, முள்ளங்கி, தயிர் நான்கும் சரகரின் பட்டியலில் இருக்கின்றன. இன்றைய ஆய்வுகளோ பருப்புக்குப் பெரிய பங்கில்லை, கொழுப்பு குறைந்த பால் பொருள்கள் நல்லது என்கின்றன. இரண்டு இட்லிக்காக யாரையும் நான் மிரட்டுவதில்லை. பீர், ஈரல், நெத்திலி, சர்க்கரை போட்ட குளிர்பானம், ராத்திரி 11 மணிச் சாப்பாடு: கண்டிப்பு இவற்றில்தான்.

கேள்வி: ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. குணமாகிவிட்டதா?

பதில்: இல்லைங்க. வந்து வந்து மறைவதே இதன் முன்குறி. சரகர் தோலிலும் தசையிலும் நிற்பதை உத்தானம் என்றும், ஆழத்தில் இறங்கியதைக் கம்பீரம் என்றும் பிரிக்கிறார். இன்னொரு பழைய ஆயுர்வேத ஆசிரியரான சுஸ்ருதருக்கு அந்தப் பிரிவே உடன்பாடில்லை: மேலே தொடங்குவதுதான் உள்ளே இறங்குகிறது, இரண்டும் ஒரே நோய் என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. எலி நஞ்சு போல மெல்லப் பரவும் என்கிறார்கள். வலியில்லாத மாதங்களில் கவனிக்காமல் விட்டு, விரல் கோணி, முட்டியில் சுண்ணாம்பு போன்ற கட்டியோடு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

கேள்வி: யூரிக் அமிலம் 7.8. வலி இல்லை.

பதில்: இதை வைத்து மட்டும் கவுட் என்று சொல்ல முடியாது. சிறுநீரகத்தையும், பிரஷருக்குச் சாப்பிடும் நீர்மாத்திரையையும் கவனியுங்கள்.

கேள்வி: மாத்திரையை நிறுத்திவிட்டுச் சீந்தில் கொடி சாப்பிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். வாதரக்தத்துக்குச் சீந்தில் முதன்மையான மருந்துதான். ஆனால் அதைத் தின்று கல்லீரல் கெட்டவர்கள் பற்றி மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.