புகை வந்த பிறகும் ஓடும் கணினி: பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியை என்ன செய்வது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எண்பதுகளில் பள்ளிகளில் கணினி கற்பிக்க வந்த 'கிளாஸ்' திட்டத்தின் கீழ் எங்கள் பள்ளிக்கு வந்த பிபிசி மைக்ரோ கணினி ஒன்று, பழைய சாமான்களை ஏலம் விட்டபோது என் கைக்கு வந்து, இத்தனை காலமும் பரணில் கிடந்தது. சென்ற மாதம் அதை இயக்கினேன். 'பீப்' ஒலியும் திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற வரியும் வந்தன. பேரன் இரண்டு வரி பேசிக் நிரலும் அடித்துப் பார்த்தான். இருபது நிமிடத்தில் 'பட்' என்ற ஓசையோடு இடப்புறத்திலிருந்து வெண்புகை கிளம்பி, காகிதமும் பிசினும் கருகிய நெடி வீடெங்கும் பரவியது. ஆனால் நான் பிளக்கைப் பிடுங்கும் வரை திரையில் எழுத்து அப்படியே நின்றது. மின்வழங்கியை (பவர் சப்ளை) பழுதுபார்க்கலாமா, புதிதாக மாற்ற வேண்டுமா? ஐந்து வோல்ட் கைபேசிச் சார்ஜர் போதும் என்கிறார் தெரிந்த கடைக்காரர். எனக்குச் சால்டரிங் ஓரளவு வரும்.

பதில்: மாற்ற வேண்டாம், பழுதுபாருங்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், கெட்டுப்போயிருப்பது சில பத்து ரூபாய் பெறும் ஒரு மின்தேக்கி (கெப்பாசிட்டர்) மட்டுமே என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். அதைச் சரிசெய்யும் வரை கணினியை மீண்டும் இயக்கிப் பார்க்க வேண்டாம்.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட இக்கணினியின் தொடக்ககாலப் பிரதிகளில் லீனியர் வகை மின்வழங்கி இருந்தது. அது மிகவும் சூடேறியதால் விரைவிலேயே கைவிடப்பட்டு, ஸ்விட்ச் மோடு வகை வந்தது. இந்தியப் பள்ளிகளுக்கு 1984 முதல் வந்த கணினிகளில் நீங்கள் காணப்போவது அந்த இரண்டாம் வகைதான். இவ்வகையில், வீட்டு மின்சாரம் உள்ளே நுழைந்ததும், மின்தேக்கிகளும் கம்பிச்சுருளும் கொண்ட ஒரு வடிகட்டியைக் கடந்து, நேர்மின்னாக (டி.சி.) மாற்றப்பட்டு, ஒரு பெரிய மின்தேக்கியில் சேர்கிறது. அதன் பின்னர் ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டிச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியே அனுப்ப, மறுபுறத்தில் கணினிக்கு வேண்டிய +5 வோல்ட்டும், தொடர் இணைப்புக்கான (சீரியல் போர்ட்) -5 வோல்ட்டும், வட்டு இயக்கிக்கான +12 வோல்ட்டும் கிடைக்கின்றன.

உங்கள் வீட்டில் வெடித்தது அந்த முதல் வடிகட்டியில், மின்கம்பிகள் இரண்டுக்கும் குறுக்கே அமர்ந்திருக்கும் எக்ஸ் வகை மின்தேக்கி. ரிஃபா என்ற பெயர் பொறித்த, தேன் நிறத்தில் உள்ளே தெரியும்படியான சிறு பெட்டி போன்றது அது. இவ்வகையில் இரண்டு உள்ளே இருக்கும்: ஒன்று 100 நானோஃபாரட், மற்றொன்று 10 நானோஃபாரட். உலோகப் பூச்சிட்ட காகிதத்தைச் சுருட்டிப் பிசினில் அடைத்துச் செய்தவை இவை. பிசின் கூடு பல ஆண்டுச் சூட்டிலும் குளிரிலும் சுருங்கி விரிந்து மயிரிழை போல வெடிப்பு விடுகிறது. அவ்வழியே காற்றின் ஈரத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்கிறது. நம் ஊர்ப் பரணில் எத்தனை மழைக்காலங்களைக் கண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஈரக் காகிதத்தின் மீது 230 வோல்ட் விழும்போது கசிவு மின்னோட்டம் ஓடி, உள்ளே சூடேறி, நீராவி கூட்டைப் பிளக்கிறது. அதனால்தான் இயக்கியவுடன் வெடிக்காமல் இருபது நிமிடம் கழித்து வெடித்தது. அதன் மேல் எழுதியிருப்பதும் 250 வோல்ட்தான். பின்னிரவில் நம் தெருமின்சாரம் அதைத் தொட்டுவிடும் இடங்கள் உண்டு.

வெடித்த பின்பும் கணினி ஓடியதில் வியப்பில்லை. இம்மின்தேக்கி கணினிக்கு மின்சாரம் கொடுப்பதில்லை. மின்வழங்கி உண்டாக்கும் இரைச்சல் வீட்டுக் கம்பிக்குள் திரும்பிப் போகாமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. வாசற்காவலர் மயங்கி விழுந்தாலும் வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால், "ஓடுகிறதே, இருக்கட்டும்" என்று விட்டுவிடுவது தவறு. வெடித்ததற்குப் பக்கத்திலேயே அதே வயதுள்ள இரண்டாவது மின்தேக்கி காத்திருக்கிறது. நெடியைச் சரியாகக் குறித்துச் சொன்னீர்கள். கருகிய காகித நெடிக்குப் பதிலாக மீன் வாடை அடித்திருந்தால், நான் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் திரவம் கசிந்திருக்கிறது என்று வேறு திசையில் தேடச் சொல்லியிருப்பேன்.

இனி வேலைக்கு வருவோம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, கணினியின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் நான்கு திருகுகளைக் கழற்றுங்கள். அவற்றின் அருகில் 'ஃபிக்ஸ்' என்று எழுதியிருக்கும், எனவே தேட வேண்டியதில்லை. இடப்புறம் இருக்கும் உலோகப் பெட்டிதான் மின்வழங்கி. அதிலிருந்து முதன்மைப் பலகைக்கு ஏழு கம்பிகள் ஸ்பேட் முனைகளுடன் போகின்றன: +5 வோல்ட்டுக்கு மூன்று சிவப்பு, தரைக்கு (0 வோல்ட்) மூன்று கறுப்பு, -5 வோல்ட்டுக்கு ஓர் ஊதா. கழற்றுவதற்கு முன் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். சிவப்பும் ஊதாவும் இடம் மாறினால் அன்றைக்கே கணினியின் சில்லுகள் கெடும்; அதற்குப் பிறகு எந்தப் பத்து ரூபாய்ப் பொருளும் உதவாது.

பெட்டியைத் திறந்ததும் கையை உள்ளே விடாதீர்கள். 230 வோல்ட் மாறுமின்னை நேர்மின்னாக்கிச் சேர்க்கும் அந்தப் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் தேங்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கலாம், குறிப்பாக மின்வழங்கி இயங்காத நிலையில் கெட்டிருந்தால். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. இளவயதில் நானும் செய்திருக்கிறேன், திருப்புளியின் முனை உருகிப் போனதுதான் மிச்சம். 10 கிலோஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் இரு கால்களிலும் உறையிட்ட கம்பியைச் சேர்த்து, மின்தேக்கியின் இரு முனைகளிலும் பத்து விநாடி பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரை நேர்மின் 600 வோல்ட்டோ 1000 வோல்ட்டோ அளக்கும் நிலையில் வைத்து அளங்கள். சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டுமே பலகையைத் தொடலாம். வீட்டில் வேறொருவர் இருக்கும் நேரத்தில் இதைச் செய்யுங்கள்.

வெடித்த மின்தேக்கி கண்ணுக்கே தெரியும். சுற்றிலும் பழுப்பு நிறப் பிசுக்கு படிந்திருக்கும். அந்தப் பிசுக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு துடைத்தெடுங்கள். பின்னர் எக்ஸ் வகை மின்தேக்கிகள் இரண்டையுமே, வெடிக்காததையும் சேர்த்து, எடுத்துவிடுங்கள். கடையில் 'எக்ஸ் 2' என்றும் 275 அல்லது 305 வோல்ட் ஏ.சி. என்றும் மேலேயே அச்சிட்ட பாலிபுரோப்பிலீன் வகையைக் கேளுங்கள்; சென்னை ரிச்சி தெருவில் மஞ்சள் பெட்டி வடிவில் தாராளமாகக் கிடைக்கும். '400 வோல்ட்' என்று மட்டும் எழுதிய சாதாரண ஃபிலிம் மின்தேக்கியைக் கடைக்காரர் நீட்டினால் வாங்காதீர்கள். அது நேர்மின்னுக்கான அளவு. தவிரவும், எக்ஸ் வகை மின்தேக்கி கெடும்போது தீப்பிடிக்காத வகையில் கெட வேண்டும் என்று சோதித்துச் சான்று பெற்றது. அந்தச் சோதனைக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். கால்களுக்கு இடையேயுள்ள தூரத்தைப் பழையதில் அளந்து குறித்துக்கொண்டு போனால் இரண்டாவது முறை அலைய வேண்டியிருக்காது. இவற்றுக்கு நேர்முனை, எதிர்முனை வேறுபாடு கிடையாது.

பெட்டியைத் திறந்தாயிற்று என்பதால், சிறிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகளையும் மாற்றிவிடுவது நல்லது. அவற்றுள் 220 மைக்ரோஃபாரட் கொண்ட சிறியது ஒன்று வறண்டுபோனால், மின்வழங்கி தொடங்க மறுக்கும். 105 டிகிரி வெப்பம் தாங்கக்கூடிய, குறைந்த உள்தடை கொண்டவற்றை வாங்கி, கோடு போட்ட எதிர்முனையைப் பழையது இருந்த திசையிலேயே வையுங்கள். பெரிய மின்தேக்கியை, உப்பியோ கசிந்தோ இருந்தாலன்றி, நான் தொடமாட்டேன். நன்றாயிருப்பதையெல்லாம் பிடுங்கிப் போடுவது பழுதுபார்ப்பு ஆகாது.

ஃபியூஸ் எரிந்திருந்தால் கதை வேறு. புது ஃபியூஸைப் போட்டுப் பார்ப்பதற்கு முன், நேர்மின்னாக்கும் டையோடுகளையும் முதன்மை டிரான்சிஸ்டரையும் மல்டிமீட்டரால் சோதியுங்கள். இவற்றில் ஒன்று குறுக்காகி (ஷார்ட்) போயிருந்தால் எத்தனை ஃபியூஸ் போட்டாலும் எரியும்.

முதல் சோதனைக்குப் பட்டறைக்காரர்களின் சீரிஸ் பல்பே போதும். 100 வாட் இழை பல்பு ஒன்றை மின்கம்பியில் தொடராக இணைத்து மின்வழங்கியை இயக்கினால், பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் உள்ளே குறுக்கு இல்லை. முழு ஒளியில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஆனால் பல்பு வழியாக வரும்போது மின்வழங்கி விட்டு விட்டுத் துடிக்கலாம். அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். வோல்ட் அளவு பார்ப்பது, மூடியை மூடியபின், பல்பை எடுத்துவிட்டு நேரடியாக இணைத்துத்தான்.

பலரும் தவறுவது அடுத்த படியில்தான். மின்சாரத்தை இழுக்கும் சுமை எதுவும் இல்லாமல் ஸ்விட்ச் மோடு மின்வழங்கியை அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. அதற்காகக் கணினியையே சுமையாக மாட்டிவிடவும் கூடாது. 4.7 ஓம், 10 வாட் பீங்கான் மின்தடைகள் இரண்டை +5 வோல்ட் சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே பக்க இணைப்பில் மாட்டுங்கள்; ஏறத்தாழ 2 ஆம்பியர் ஓடும். அவை கை சுடும் அளவு கொதிக்கும், ஆகவே ஒரு தரை ஓட்டின் மேல் வைத்து, அரைமணி நேரம் ஓடவிட்டுப் பிறகு அளங்கள். இக்கணினியில் உள்ள சில்லுகள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரை ஏற்கக்கூடியவை. எண் 5.0க்கு அருகில் அசையாமல் நிற்க வேண்டும். குறைந்தால் கணினி தடுமாறும், அவ்வளவுதான், 5.25ஐத் தாண்டினால் கிடைத்தற்கரிய சில்லுகள் போய்விடும். எனவே தாண்டினால் மாட்டவே கூடாது. உங்களிடம் ஆஸிலோஸ்கோப் இருந்தால் வெளிவரும் பக்கத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். 325 வோல்ட் பக்கத்தில் அதன் தரைக் கிளிப்பை மாட்டினால் வெடிதான்.

அளவு சரியாக இருந்தால், ஏழு கம்பிகளையும் படத்தைப் பார்த்துத் திரும்ப மாட்டலாம். மூன்று சிவப்பு, மூன்று கறுப்பு என்பதில் ஒன்றைக்கூட விட்டுவிட வேண்டாம். ஸ்பேட் முனைகளில் பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் தேய்த்து, தளர்ந்திருந்தால் குறடால் லேசாக இறுக்குங்கள். மின்வழங்கியில் 5.05 வோல்ட் காட்டி, பலகையில் ஒரு சில்லின் காலில் 4.7 மட்டுமே வந்தால், குற்றம் இந்த முனைகளில்தான். இயக்கியதும் இரட்டை ஒலி வந்தால் வேலை முடிந்தது; ஒரே ஒலி நிற்காமல் நீண்டுகொண்டே போனால், உடனே அணைத்து இம்முனைகளையும் பலகையில் உள்ள வோல்ட் அளவையும் மறுபடி பாருங்கள்.

சார்ஜர் யோசனையைக் கைவிடுங்கள். இக்கணினி 5 வோல்ட்டில் தொடர்ந்து பல ஆம்பியர் கேட்கும். சாதாரணச் சார்ஜரும் அதன் மெல்லிய கம்பியும் அதற்கு ஆகா, -5 வோல்ட்டும் அதில் கிடைக்காது. டிரான்ஸ்ஃபார்மரே கருகியிருந்தால் மட்டும் மாற்றைப் பற்றி யோசிக்கலாம்: +5 வோல்ட்டில் குறைந்தது 5 ஆம்பியரும், +12, -5 வோல்ட்டுகளும் தரும் தொழிற்சாலை வகை ஆயத்த மின்வழங்கியை வாங்கி, பழைய உலோகப் பெட்டிக்குள்ளேயே அடக்கி, எர்த் கம்பியைப் பெட்டியில் திருகி இறுக்குங்கள். -5 இல்லாமலும் கணினி விழித்துக்கொள்ளும். தொடர் இணைப்புதான் சரியாக வேலை செய்யாது. பழைய பலகையைத் தூக்கி எறியாமல் ஓர் உறையில் போட்டுக் கணினியோடே வையுங்கள், நாளை ஒருவர் அதைச் சரிசெய்யக்கூடும்.

பேரன் விளையாடி முடித்ததும் கணினியின் பின்னால் உள்ள சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகாமல், சுவரிலிருந்து பிளக்கையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.