பாக்யோங்கில் ஏன் ஐ.எல்.எஸ் இல்லை?

கேள்வி: குடும்பத்தோடு சிக்கிம் போகிறோம். பாக்யோங்கில் மேகம் இறங்கினாலே விமானம் ரத்து என்கிறார்கள். நல்ல வழிகாட்டும் கருவி வைத்தால் தீராதா? நாங்கள் எங்கே இறங்குவது நல்லது?

பதில்: மேற்கு வங்கத்தின் பாக்டோக்ராவில் இறங்குங்கள். அங்கே ஐ.எல்.எஸ், அதாவது விமானத்துக்கு ரேடியோ அலையால் இறங்கும் வழியைக் காட்டும் கருவி, இருக்கிறது. கேங்டாக்குக்குக் காரில் நாலைந்து மணி நேரம் ஆகும், ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம். பாக்யோங் சேவை 2018 அக்டோபரில் தொடங்கி, 2019 ஜூனில் நின்று, 2021 ஜனவரியில்தான் மறுபடி வந்தது.

சரி, கருவிக்கு வருவோம். ஐ.எல்.எஸ்ஸில் இறங்கு சரிவைக் காட்டும் ஆன்டெனா, தன் முன்னாலுள்ள தரையைக் கண்ணாடி மாதிரிப் பயன்படுத்துகிறது. நேராக வரும் அலையும் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்துதான் அந்த 3 டிகிரிச் சரிவு உருவாகிறது. அதற்குச் சமதரை வேண்டும். பாக்யோங்கோ சுமார் 4,500 அடி உயரத்தில், மலையை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிக் கட்டியது. 1,700 மீட்டர் ஓடுபாதை முடிந்தால் தரையும் முடிந்தது.

இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன். தரை நிலையங்கள் ஜி.பி.எஸ் பிழையைக் கணக்கிட, திருத்தம் செயற்கைக்கோள் வழியாக விமானத்துக்குப் போகும். ஓடுபாதைப் பக்கத்தில் ஆன்டெனாவே வேண்டாம். 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் இதை வைத்து இறங்கியது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியா வழியாகப் போவதால், ஜி.பி.எஸ் அலையைத் தாமதப்படுத்திப் பிழை உண்டாக்கும் மேல் வளிமண்டல அடுக்கான அயனிமண்டலம் நம் பக்கம் அதிகமாகவே ஆட்டம் காட்டும். அதைச் சமாளித்தது சின்ன வேலை இல்லை.

ஆனால் ககன் வந்தாலும் மலை நகராது. ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் விமானி மேலேறித் திரும்ப வேண்டும். எதிரே மலை இருந்தால் அந்த முடிவை உயரத்திலேயே எடுத்தாக வேண்டும். சமவெளியில் 250 அடி வரை இறங்கிப் பார்க்க முடிவது, மலைக்குள் பல மடங்கு உயரத்திலேயே நின்றுவிடும். மேகம் அதற்கும் கீழே இருந்தால் எந்தக் கருவியும் உதவாது.

என்னைக் கேட்டால், ககனோடு சேர்த்துக் கேமராவும் வைக்கலாம். அலாஸ்காவில் கணவாய்களிலும் குட்டி ஓடுதளங்களிலும் வானிலைக் கேமரா வைத்திருக்கிறார்கள். விமானி கிளம்பும் முன்பே படத்தைப் பார்த்து, போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். பாதி வழி போய்த் திரும்பும் அலைச்சல் குறையும்.

பாக்யோங்தான் வேண்டும் என்றால், திரும்பும்போது அதே நாளில் வேறு விமானமோ ரயிலோ பதிவு செய்யாதீர்கள்.