அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் ஓடுகிற எல்லோருக்கும் பதக்கம் கொடுத்துவிடுவார்களாமே, அது நிஜப் போட்டிதானா?

எல்லோருக்கும் கொடுப்பதில்லை. என் தம்பி முதல் ஆளாக ஓடி முடித்தும் பதக்கம் இல்லாமல் ஊர் திரும்பியிருக்கிறான்.

ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். தம்பிக்கு இப்போது 27 வயது, அறிவுசார் குறைபாடு உண்டு. நூறு ரூபாய்க்கு மீதிச் சில்லறை எண்ணத் தெரியாது. ஆனால் ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த பஸ் வருகிறது என்று சொல்லிவிடுவான். சிறப்புப் பள்ளியில் ஒரு சார்தான் அவனை ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னார்.

காலில் வலு இருந்தது. சிக்கல் எல்லைக்கோட்டில். கோட்டைக் கண்டதும் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிடுவான். கோட்டைத் தாண்டக் கூடாது என்று யாரோ எப்போதோ சொல்லி வைத்திருக்கிறார்கள் போல. வயலில் ஓடவிட்டால் அறுத்த தாள் காலைக் குத்தும். அதனால் புது ஆற்றங்கரைதான் மைதானம் (கல்லணைக் கால்வாயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, அதற்குப் பத்து மீட்டர் தள்ளி, மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற சிவப்பு வாளியை அப்பா கவிழ்த்து வைத்தார். "கோட்டப் பாக்காதடா, வாளியத் தொடு." இதற்கே மூன்று மாதம் ஆனது. அப்புறம் துப்பாக்கிச் சத்தம். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். விசிலில் ஆரம்பித்து, தாம்பாளத்தைத் தட்டி, கடைசியில் தீபாவளி வெடியில் கொண்டுவந்து நிறுத்தினோம்.

சரி, போட்டிக்கு வருவோம். 8 வயது ஆனவர்கள் கலந்துகொள்ளலாம், மேல் வரம்பு கிடையாது. முதலில் ஒரு சுற்று ஓடவிட்டு நேரம் குறிப்பார்கள். ஏறக்குறைய ஒரே வேகம், ஒரே வயது உள்ளவர்களாகப் பார்த்து, பெரும்பாலும் மூன்று முதல் எட்டுப் பேர் வரை ஒரு பிரிவில் போடுவார்கள். அந்தப் பிரிவுக்குள் முதல் மூவருக்குப் பதக்கம், மற்றவர்களுக்கு ரிப்பன். பதக்கம் மலிவு என்ற பேச்சு, பிரிவுகள் நிறைய இருப்பதால் வந்தது.

அன்றைக்கு 100 மீட்டர் முதல் சுற்றில், பக்கத்து லேன் பையன் அழுவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான். 19 நொடி. இறுதியில் அழ ஆள் இல்லை, 15.8. நாங்கள் கத்திக் குதித்து முடிப்பதற்குள் தகுதி நீக்கம் என்று அறிவித்துவிட்டார்கள். முதல் சுற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் வேகம் கூடினால் அப்படித்தான். வேண்டுமென்றே மெதுவாக ஓடி எளிய பிரிவில் புகுந்துகொள்ளக் கூடாது என்பதற்கான விதி.

"பொய் சொல்லவே தெரியாத பயல, ஏமாத்திட்டான்னு சொல்றானுவளே" என்று அப்பாவுக்குத் தாங்கவில்லை. எனக்கும் அன்று ஆத்திரம்தான். ஆனால் விதி சரி என்றே இப்போது நினைக்கிறேன். அவனுடைய வழக்கமான நேரத்தை இறுதிச் சுற்றுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கலாம். எங்களோடு வந்தவர்களுக்கு அது தெரியவில்லை. ஏமாற்று நடக்காததும் இல்லை, செய்தவர்கள்தான் வேறு. 2000 சிட்னி பாராலிம்பிக்கில், அதாவது எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்குமான வேறொரு போட்டியில், அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் தங்கம் வென்ற ஸ்பெயின் கூடைப்பந்து அணியில் 12 பேரில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை. அந்தக் கூத்தால் 2004, 2008 இரண்டு பாராலிம்பிக்கிலும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் பதக்கப் போட்டியே நடத்தவில்லை. 2012 லண்டனில்தான் திரும்பச் சேர்த்தார்கள். பாராலிம்பிக்கில் இவர்களுக்கான ஓட்டப் பிரிவு டி20. தெலங்கானாவின் தீப்தி ஜீவன்ஜி 2024 பாரிஸில் 400 மீட்டரை 55.82 நொடியில் ஓடி வெண்கலம் வாங்கியது அதில்தான். டி20-இல் 100 மீட்டர் கிடையாது, ஆகவே என் தம்பிக்கு அங்கே வேலை இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, நாந்தான ஃபர்ஸ்ட்டு?" ஆமாம் என்றேன். "அப்ப தங்கம்?" அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "சார் எடுத்து வச்சிருக்காருடா" என்றார்.

அடுத்த வருடத்திலிருந்து அவன் நேரத்தையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி, போட்டிக்கு முன்பே பயிற்சியாளர் கையில் கொடுத்துவிடுகிறேன். அதன்பின் ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் வந்திருக்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் தங்கம் இல்லையா என்று கேட்டால், "இருக்கு, சார் வச்சிருக்காரு" என்பான்.