ஆணித் துளைக்கு எத்தனை ரூபாய்?

கேள்வி: 18,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். அந்தப் பணத்தோடு கடனும் வாங்கி, முடிச்சூர் பக்கம் சிறிய ஃபிளாட் ஒன்றை வாங்கிவிடலாமா? (வாசகி ஒருவர், குரோம்பேட்டை)

பதில்: அந்த 'அட்வான்ஸ்' என்ற சொல்லைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறேன். தையல்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்தால் கூலியில் கழித்துக்கொள்கிறார். சமையல்காரர், பந்தல்காரர், நாதஸ்வரக்காரர் எல்லாருமே கடைசிக் கணக்கில் கழிக்கிறார்கள். சென்னையில் வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸ் மட்டும் எதிலும் கழியாது. நாம் காலி செய்யும்வரை வட்டியில்லாமல் உரிமையாளரிடம் கிடக்கும். அதன் பெயர் வைப்புத்தொகை. அது உங்கள் பணம். ஒப்பந்தத்தில் அந்தப் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இந்தப் பத்து மாத வழக்கத்தை இதே பக்கத்தில் பலமுறை திட்டியிருக்கிறேன், இன்னும் திட்டுவேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக் கூடாது என்கிறது. உங்கள் கணக்கில் அது 54,000 ரூபாய். அவர்கள் கேட்பதோ 1,80,000. ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் அந்த வரம்பு என்று சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பத்து மாதத்துக்கு நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்தக் கதவு வழியாகப் பணம் போய்விடும். பேரத்தைக் கையெழுத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

மேற்கு மாம்பலத்தில் நான் குடியிருந்த வீட்டைக் காலி செய்த அன்று, உரிமையாளர் கையில் பென்சிலோடு வந்தார். சுவரில் இருந்த ஒவ்வொரு ஆணித் துளையையும் சுற்றி வட்டம் போட்டார். பதினான்கு வட்டங்கள். அவற்றில் நாங்கள் அடித்தது இரண்டே ஆணி: ஒன்று காலண்டருக்கு, ஒன்று அம்மாவின் படத்துக்கு. மற்றவை முன்பு குடியிருந்தவர்களுடையவை. நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. வெள்ளையடிக்க என்று இரண்டு மாத வாடகை போயிற்று. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சாவி வாங்கும் நாளிலேயே சுவர், குழாய், சுவிட்ச், கதவுத் தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். உரிய பிடித்தம் போக மீதியை, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித் தர வேண்டும்.

வாங்கும் விஷயம். அட்வான்ஸ் மேல் உள்ள எரிச்சலில் இருபது வருடக் கடனில் இறங்காதீர்கள். வாங்கியே தீர வேண்டுமென்றால், ரியல் எஸ்டேட் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். எட்டு வீடுகளுக்குள் அடங்கும் கட்டடங்கள் அந்தப் பதிவுக்கு வெளியே நின்றுவிடலாம், அங்கே இரட்டிப்புக் கவனம் வேண்டும். ரெரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சொத்தின் மேல் அடமானம் போன்ற வில்லங்கம் இருக்கிறதா என்று பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பாருங்கள். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுங்கள். மாடிப்படி போன்ற பொது இடங்களின் பங்கையும் சேர்த்த 'சூப்பர் பில்ட்-அப்' அளவைச் சொன்னால், வீட்டுக்குள் புழங்கும் இடமான கார்ப்பெட் ஏரியா எவ்வளவு என்று கேளுங்கள். மாடிப்படியில் யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை.

முடிச்சூர் என்கிறீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பகுதி பட்ட பாடு உங்களுக்கே தெரியும். புரோக்கரிடம் கேட்காதீர்கள். அந்தத் தெருவில் இஸ்திரி போடுகிறவரைத் தேடிப் பிடித்து, அந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது, வண்டியை எங்கே தள்ளிக்கொண்டு போனார் என்று கேளுங்கள். அவர் சுவரில் கை வைத்துக் காட்டும் உயரத்தைப் பார்த்துவிட்டு, தரைத்தளமா மேல்தளமா என்று பேசலாம்.