கட்டடமே நிற்கும்போது அதன் வரைபடங்களை ஏன் காக்க வேண்டும்?

கட்டடம் முடிவை மட்டும்தான் காட்டும், அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பது காகிதத்தில்தான் இருக்கும். அதனால் ஆவணக் காப்பகங்கள் இறுதி வரைபடத்தோடு நிறுத்துவதில்லை. கைவிட்ட கிறுக்கல்கள், வாடிக்கையாளரோடு சண்டை போட்ட கடிதங்கள், வேலை நடந்தபோது எடுத்த புகைப்படங்கள், மாதிரிகள் என எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குகின்றன. என்னைக் கேட்டால் கடிதங்கள்தான் பொக்கிஷம். சுவர் ஏன் அங்கே வந்தது என்பதற்கான பதில் பெரும்பாலும் அவற்றில்தான் கிடைக்கும்.

கட்டப்படாதவற்றுக்கு வரைபடம்தான் எல்லாமே. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் 1974இல் இறந்தார். நியூயார்க்கில் அவர் வடிவமைத்த நான்கு சுதந்திரங்கள் பூங்கா 2012இல்தான் திறக்கப்பட்டது. அவர் விட்டுச்சென்ற வரைபடங்கள் இல்லாமல் அது நடந்திருக்காது. அவருடைய சேகரிப்பு இப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இன்னொரு அமெரிக்கக் கட்டடக் கலைஞரான ஃபிராங்க் லாய்ட் ரைட்டின் ஆவணங்களை 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகமும் நவீனக் கலை அருங்காட்சியகமும் கூட்டாகப் பெற்றன.

சரி, வாங்கினால் போதுமா? பராமரிப்புதான் பெரிய வேலை. டிரேசிங் பேப்பர் நாளாக நாளாக நொறுங்கும், நீல அச்சு (நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாக வரும் பழைய வரைபட நகல்) வெளிச்சத்தில் வெளிறும், அதோடு மற்ற காகிதங்களுக்கு நல்லது என்று சேர்க்கிற காரத்தன்மையே அதைக் கெடுத்துவிடும், டயசோ பிரதியோ (இன்னொரு வகை வரைபட நகல்) பக்கத்தில் இருப்பதையும் கறைப்படுத்தும். ஆகவே எல்லாவற்றையும் வகை பிரித்துத் தட்டையான இழுப்பறைகளில் தனித்தனியாக வைக்கிறார்கள். இப்போது கணினிக் கோப்புகள் வேறு வந்துவிட்டன. பழைய மென்பொருள் இல்லையென்றால் அவற்றைத் திறக்கவே முடியாமல் போகலாம், காகிதத்தைவிட எனக்கு அதுதான் அதிகக் கவலை.