பி.எல்.சி. நிரல்களுக்குக் கிட் மட்டும் போதுமா?

சேலத்து ஜவ்வரிசி ஆலையொன்றில் டிரையர் பகுதியைப் பராமரிக்கும் நீங்கள், இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினியான பி.எல்.சி.யின் நிரல்களை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளில் வைத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைக்கலாம், ஆனால் அதோடு வேலை முடிந்துவிடாது.

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட், வரிவரியாக அமைந்த உரையை ஒப்பிடுவதில் வல்லது, பி.எல்.சி. திட்டக் கோப்புகளோ பெரும்பாலும் பைனரி வடிவில் இருப்பதால், கோப்பு மாறியிருக்கிறது என்று அது சொல்லுமே தவிர, ஏணி வடிவில் வரையப்படும் லேடர் நிரலின் எந்த ரங்கில் (படியில்) எது மாறியது என்று காட்டாது. ஆகவே ராக்வெல் நிறுவனத்தின் பி.எல்.சி. என்றால் எல்5எக்ஸ் என்ற உரை வடிவிலும், சீமென்ஸின் நிரலாக்க மென்பொருளான டி.ஐ.ஏ. போர்ட்டலின் புதிய பதிப்புகள் என்றால் அவற்றிலேயே உள்ள பதிப்புக் கட்டுப்பாட்டு வசதி வழியாகவும் ஏற்றுமதி செய்து, மூலக் கோப்போடு சேர்த்தே பதியுங்கள்.

பெரிய சிக்கல் ஆலைத் தளத்தில்தான் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு வந்து குவியும் பருவத்தில், இரவு ஷிஃப்டில் இயந்திரம் நின்றால், பணியிலிருப்பவர் மடிக்கணினியை இணைத்து, நேரடியாகப் பி.எல்.சி.யிலேயே டைமர் மதிப்பை மாற்றி ஓட விடுவார். அவரைக் குறை சொல்வது நியாயமன்று. ஆனால் அந்த நேரம் முதல் கிட்டில் இருப்பது ஒன்று, இயந்திரத்தில் ஓடுவது வேறொன்று. எனவே வாரம் ஒருமுறையேனும் பி.எல்.சி.யோடு நேரடியாக (ஆன்லைனில்) இணைந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். சீமென்ஸின் எஸ்7-300 போன்ற பழைய கருவிகளிலிருந்து நிரலைத் திரும்ப எடுத்தால் விளக்கக் குறிப்புகளும் குறியீட்டுப் பெயர்களும் வராது என்பதால், கணினியிலுள்ள மூலக் கோப்பை இழப்பது மிகப் பெரிய இழப்பாகும்.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவின் அளவுருக்கள், இயக்குபவர் பயன்படுத்தும் எச்.எம்.ஐ. திரைகள், கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பு எண், திட்டத்தைத் திறக்கத் தேவையான மென்பொருளின் பதிப்பு ஆகியவற்றையும் அதே பதிவில் சேர்த்து வையுங்கள்.