வைசாக் மலையும் வடசென்னை பில்லும்

சென்ட்ரலில் ராத்திரி வண்டி ஏறினால் மறுநாள் மலையும் கடலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஊர் வைசாக் என்கிற விசாகப்பட்டினம். இந்த வாரப் பையில் பாதிக் கடிதம் அங்கே போய் வந்தவர்களுடையது, மீதி போகப்போகிறவர்களுடையது.

கே: எம்.சி. ரோட்டில் 60% தள்ளுபடியில் ட்ரெக்கிங் ஷூ வாங்கினேன். பன்னிரண்டாம் நாள் வைசாக்கின் கைலாசகிரி மலைப் படியேறும்போது இரண்டு சோலும் கழன்றுவிட்டன. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார்கள். (தண்டையார்பேட்டை)

ப: இந்த வாசகத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அதைப் பில்லில் அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள் போக வேண்டும், போடாவிட்டால் 30 நாள் உண்டு. பில்லே தர மாட்டேன் என்பதும் அதே குற்றம்தான். நீங்கள் பன்னிரண்டாம் நாளில் இருக்கிறீர்கள், தப்பு கடைக்காரர் பக்கம். கழன்ற சோல், பெட்டியில் உள்ள லேபிள், பில் மூன்றையும் படம் எடுத்து எழுத்தில் கேளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும்.

சோல் ஏன் கழன்றது? இந்த வகை ஷூ பலவற்றில் நடு சோல் பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரமே அதை மெல்ல மெல்ல உடைத்துவிடும். போட்டு நடக்காமல் பெட்டியில் தூங்கினாலும் உடையும், நம் கடலோரக் குடோனில் கேட்கவே வேண்டாம். பழைய சரக்கு இப்படிப் பெரிய தள்ளுபடிக்கு வருவதுண்டு. வாங்கும்முன் பெட்டியில் தயாரித்த மாதம், வருடம் பாருங்கள். நடு சோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். பொடி உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். முன்பாதத்தை வளைத்து, ஓரப் பேஸ்டிங்கில் கோடு விழுகிறதா என்றும் பாருங்கள். இந்த நகச் சோதனை எனக்கு ஒரு ஜோடி ஷூ விலைக்குக் கிடைத்த பாடம்.

கே: நான் காசிமேட்டுக்காரன். நீச்சல் நன்றாகத் தெரியும். ருஷிகொண்டா கடற்கரையில் கயாக் (சின்னத் துடுப்புப் படகு) ஓட்ட லைஃப் ஜாக்கெட் அவசியமா?

ப: அவசியம். மண்டையில் துடுப்பு அடித்து மயங்கினால் நீச்சல் ஞாபகம் வராது.

கே: மகளுக்கு 8 வயது. ‘ஃப்ரீ சைஸ்’ ஜாக்கெட் தருகிறார்கள், போதுமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

ப: போதாது. ஜாக்கெட்டைப் போட்டு எல்லாப் பட்டையையும் இறுக்கிவிட்டு, தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிசு, தண்ணீரில் பிள்ளை அதிலிருந்து கீழே நழுவிவிடும். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டை உள்ளதாகக் கேளுங்கள், இல்லையென்றால் கரையில் மணல் வீடு கட்டட்டும்.

கே: ஒருநாள் பேக்கேஜ் விசாரித்தேன். காலையில் ஸ்கூபா (காற்று சிலிண்டருடன் கடலுக்குள் மூழ்குவது), மதியம் காரில் அரக்கு மலை. லாபமா? (திருவொற்றியூர்)

ப: வரிசையை மாற்றச் சொல்லுங்கள். முதல் நாள் அரக்கு, மறுநாள் ஸ்கூபா. தண்ணீருக்கடியில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது, மேலே வந்த பிறகு மெதுவாகத்தான் வெளியேறும். அரக்கு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் சோடா மூடியைத் திறந்த மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பலாம். மூட்டுவலி, தலைசுற்றல், மோசமானால் கைகால் விழுந்துபோகும். முதல்முறைக்காரரை ஆழம் குறைந்த இடத்தில்தான் இறக்குவார்கள், ஆபத்தும் குறைவுதான். ஆனாலும் ஒருமுறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரம் விமானமும் வேண்டாம், இந்த உயர மலையும் வேண்டாம். மூக்கடைப்பு இருந்தால் இறங்கவே கூடாது, செவிப்பறை போய்விடும்.

கே: வைசாக்கில் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தோம். ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி டெபாசிட் முழுவதையும் பிடித்துக்கொண்டார்கள். (கொருக்குப்பேட்டை)

ப: பாவம், உங்களைப் போல எத்தனையோ பேர். பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் இருந்தால் புகார் கொடுக்க ஆந்திரா போக வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். மற்றவர்களுக்கு: நாமே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை என்றால் சொந்த வண்டி. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்க இடமுண்டு. சாவி வாங்குமுன் உரிமையாளர் எதிரிலேயே ஒரு நிமிட வீடியோ எடுங்கள்: நான்கு பக்கம், கண்ணாடி, டயர், பெட்ரோல் முள், கிலோமீட்டர். அசல் ஆதாரை அடமானமாகக் கொடுக்காதீர்கள்.

கே: இன்ஸ்டாகிராமில் பார்த்து பாராகிளைடிங்குக்கு முழுப் பணத்தையும் ஜிபே செய்தேன். ஆள் பெயர் தெரியாது, ரசீது இல்லை, இப்போது போன் எடுப்பதில்லை. (வியாசர்பாடி)

ப: பெயர் தெரியாது, ரசீது இல்லை, முழுப் பணம்! மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறீர்கள் அல்லவா? உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குச் சொல்லுங்கள், வங்கியிலும் எழுதிக் கொடுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

கே: என் சைக்கிளை ரயிலில் போட்டு எடுத்துப்போய் பீமிலி வரை ஓட்ட ஆசை. கியர் இல்லாத வண்டி. (பெரம்பூர்)

ப: ஆர்.கே. பீச்சிலிருந்து பீமிலி சுமார் 25 கிலோமீட்டர் கடலோரச் சாலை, முக்கித்தக்கி ஓட்டிவிடலாம். வழியில் தொட்லகொண்டா பௌத்த இடிபாடுகளுக்கு ஏற ஆசைப்பட்டால்தான் வில்லங்கம். செயின் ஓடும் பற்சக்கரத்தில் முன்னே 44 பல், பின்னே 18 பல் உள்ள வண்டியில் ஒரு மிதிக்குச் சக்கரம் 2.4 சுற்று சுற்றும். ஏற்றத்துக்கு ஒரு சுற்றுக்கும் குறைவாக வேண்டும்: முன்னே 28, பின்னே 34 என்றால் 0.8. நமக்கு ஏற்றம் என்றால் முரசொலி மாறன் மேம்பாலம்தான், அதை நம்பி முடிவு செய்யாதீர்கள். அங்கேயே கியர் வண்டி வாடகைக்குக் கேளுங்கள். இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடாகிப் பிடி போய்விடும்; விட்டுவிட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். பிரேக் கட்டையில் பள்ளக்கோடு தேய்ந்து மறைந்திருந்தால் அந்த வண்டியை எடுக்க வேண்டாம்.

கே: பிள்ளைகளுக்கு ‘புதையல் வேட்டை கிட்’ என்று ஆன்லைனில் 1,200 ரூபாய். வாங்கலாமா? (ராயபுரம்)

ப: வேண்டாம். அட்டைப்பெட்டியும் ஸ்டிக்கரும்தான். ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்குள் எத்தனை படுக்கை, எதிரே நிற்கும் டி.யு.-142 விமானத்துக்கு எத்தனை புரொப்பெல்லர், கைலாசகிரி ரோப்வேயில் போகும்போது எத்தனை தூண் தாண்டினோம் என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் முடித்தவருக்கு ஐஸ்கிரீம். திங்கட்கிழமை குர்சுரா திறக்காது.

கே: பர்மா பஜாரில் வாட்டர்ப்ரூஃப் மொபைல் பை 100 ரூபாய். நம்பலாமா? (எண்ணூர்)

ப: நான் வாங்கியதில் போன் செத்தது, பை நன்றாக இருக்கிறது. நீங்கள் உள்ளே டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து, மேலே கல் ஏற்றி ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் மூழ்கடித்து வையுங்கள். காலையில் பேப்பர் ஓரம் நனைந்திருந்தால் அதில் சில்லறை போடலாம்.